டம்ளருக்கும் தண்ணீருக்கும் நடுவில் புகுந்த காற்று: ஒரு ரெண்டரின் நிகழ்வு ஆய்வு

காட்சி என்னவோ மிக எளிமையானது. மேசை மேல் ஒரு கண்ணாடி டம்ளர், மேலிருந்து தண்ணீர் விழுந்து முக்கால் அளவுக்கு நிரம்புகிறது, அலை அடங்குகிறது, அவ்வளவுதான். விநாடிக்கு 24 ஃப்ரேம், 6 விநாடி, மொத்தம் 144 ஃப்ரேம். புகை இல்லை, தீ இல்லை, நடக்கிற கதாபாத்திரம் இல்லை. கையில் ஒரு பாத் ட்ரேசர் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு கணினியில் படம் வரையும், அதாவது ரெண்டர் செய்யும் மென்பொருள்) இருக்கிறது, கண்ணாடி ஷேடர் (பரப்பில் ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்ற விதித்தொகுப்பு) அதிலேயே இருக்கிறது, ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.333, கண்ணாடிக்கு சுமார் 1.5 என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இதில் தப்பு பண்ண என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன்.

முதல் ரெண்டர் வந்தது. கருப்பாகவும் இல்லை, உடைந்தும் இல்லை, பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது தண்ணீர் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த நண்பர் ஒருவர் சொன்னதுதான் சரியான வர்ணனை: டம்ளருக்குள் அக்ரிலிக் கட்டியை அளவெடுத்து வெட்டி இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததில் குறைகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடிந்தது. டம்ளரின் இரண்டு பக்க ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளிப்பட்டை ஓடியது. நீர்மட்டம் கத்தியால் வெட்டின வட்டத்தகடு போல இருந்தது. கீழே மேசையில் விழுந்த நிழல் மரக்கட்டையின் நிழல் மாதிரி கருப்பு. போதாக்குறைக்கு வீடியோவாக ஓட்டிப் பார்த்தால் நீர்ப்பரப்பில் ஒரு மினுமினுப்பு, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடித்துக்கொண்டே இருந்தது.

இவற்றில் வெள்ளிப்பட்டைதான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், மற்றவை போகிற போக்கில்.

தப்பான இடத்தில் தேடியது

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், ஷேடரில் கை வைத்தேன். ஒளிவிலகல் எண்ணை 1.333இலிருந்து 1.25க்கு இறக்கினேன், பட்டை கொஞ்சம் மங்கின மாதிரி ஒரு பிரமை. 1.4க்கு ஏற்றினேன். சொரசொரப்பைத் துளி கூட்டினேன், தண்ணீர் பனி படர்ந்த மாதிரி ஆனது. அப்புறம் பெரிய பாவம் ஒன்று செய்தேன்: "தண்ணீர் என்றால் நீலமாகத்தானே இருக்கும்" என்று ஷேடரின் நிறத்தை லேசான நீலமாக்கினேன். படம் இன்னும் மோசமானது. ஏன் என்று அப்போது புரியவில்லை, பின்னால் சொல்கிறேன்.

ஒரு கட்டத்தில், எண்களை ஆட்டுவதை நிறுத்திவிட்டு ரெண்டரர் செய்வது இயற்பியல்படி சரியா என்று சோதிப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு சோதனைகள் வைத்தேன். இரண்டுமே நல்ல சோதனைகள், இரண்டுமே என்னை ஏமாற்றின.

முதலாவது வெள்ளை உலை சோதனை. காட்சியிலிருந்து மேசை, விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் மேலும் கீழும் ஒரே அளவான வெள்ளை ஒளி, மதிப்பு சரியாக 1.0. ஒளியை உறிஞ்சாத கண்ணாடியும் தண்ணீரும் இந்த உலைக்குள் முழுசாக மறைந்துவிட வேண்டும். எதிரொளித்தாலும் வெள்ளைதான், ஊடுருவினாலும் வெள்ளைதான், இரண்டையும் கூட்டினால் 1 வர வேண்டும். எங்காவது சாம்பல் தெரிந்தால் அங்கே ஒளி தொலைகிறது என்று அர்த்தம். எனக்கு டம்ளரின் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் சாம்பல் திட்டுகள் தெரிந்தன. இதோ மாட்டிக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன். காரணம் பவுன்ஸ் வரம்பு, அதாவது ஒரு கதிர் அதிகபட்சம் எத்தனை முறை பரப்புகளில் முட்டலாம் என்ற எல்லை: ஒரு கதிர் டம்ளரையும் தண்ணீரையும் நேராகக் கடக்கவே 6 பரப்புகளைத் தாண்ட வேண்டியிருந்தது, நடுவில் ஒரு குமிழி வந்தால் இன்னும் 2, தடிமனான அடிக்கண்ணாடிக்குள் முழு அக எதிரொளிப்பில் (ஒளி வெளியேறாமல் உள்ளேயே முழுசாகத் திரும்புவதில்) மாட்டிக்கொண்டால் எத்தனை முறை முட்டும் என்று கணக்கே இல்லை. வரம்பு 12இல் இருந்தது, 12 ஆனதும் கதிரைக் கொன்றுவிட்டு கருப்பை எழுதிவிடுகிறது. 32க்கு ஏற்றினேன், உலையில் டம்ளர் காணாமல் போனது. சோதனை பாஸ். காட்சியை மறுபடி ரெண்டர் செய்தேன். அடிப்பகுதி தெளிந்தது, வெள்ளிப்பட்டை அப்படியே நின்றது.

இரண்டாவது அம்புக்குறி சோதனை. தண்ணீர் நிறைந்த உருளை ஒரு லென்ஸ். என் டம்ளரின் வெளி ஆரம் 3.4 செ.மீ., உள் ஆரம் 3.1 செ.மீ. சுவரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதன் குவியம் மைய அச்சிலிருந்து சுமார் 7 செ.மீ. தூரத்தில் விழுகிறது. அதற்கு உள்ளே ஓர் அம்புக்குறி அட்டையை வைத்தால் பெரிதாக, அதே திசையில் தெரியும், தாண்டி வைத்தால் இடம் வலமாகத் திரும்பிவிடும். 20 செ.மீ. பின்னால் அட்டையை வைத்து ரெண்டர் செய்தேன். அழகாகத் திரும்பியது. கிட்டே கொண்டுவந்தேன், நேரானது. இதுவும் பாஸ்.

ஆக, ஒளி எங்கும் தொலையவில்லை, லென்ஸ் கணக்கும் சரி, எண்களும் புத்தகத்தில் உள்ளபடிதான். பிறகு ஏன் பொய்யாகத் தெரிகிறது?

நிஜ டம்ளரைப் பார்த்தது

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். மேல் பாதி காலி, கீழ் பாதி தண்ணீர். மேல் பாதியில் கண்ணாடிச் சுவரின் தடிமன் இரண்டு ஓரத்திலும் பட்டையாகத் தெரிகிறது. கீழ் பாதியில், தண்ணீர் இருக்கிற இடத்தில், அந்தப் பட்டையே இல்லை. தண்ணீர் கண்ணாடியின் உள்சுவரோடு நிற்காமல் டம்ளரின் வெளி விளிம்பு வரைக்கும் பரவி நிற்கிற மாதிரி தெரிகிறது. சுவர் மறைந்துவிட்டது!

என் ரெண்டரில் தண்ணீர் இருந்த இடத்திலும் சுவர் மறையவே இல்லை. காலி டம்ளரின் பட்டை மேலிருந்து கீழ்வரை அப்படியே ஓடியது. அதனால்தான் "உள்ளே இறக்கி வைத்த கட்டி" மாதிரி தோன்றியிருக்கிறது.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். கேமரா தூரத்தில் இருக்கிறது, கதிர்கள் கிட்டத்தட்ட இணையாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மைய அச்சிலிருந்து ஒரு கதிர் எவ்வளவு தள்ளி வருகிறதோ அதைப் பக்கத்தூரம் என்று அழைப்போம். வெளிச்சுவரில் அது விழும் கோணத்தின் சைன் மதிப்பு, பக்கத்தூரத்தை 3.4ஆல் வகுத்தால் வருவது. கண்ணாடிக்குள் நுழைந்ததும் அதை 1.5ஆல் வகுக்க வேண்டும். அப்படியே போய் உள்சுவரைத் தொடும்போது ஆரம் சிறியதாகிவிட்டதால் சைன் மதிப்பு கூடுகிறது: பக்கத்தூரம் வகுத்தல் 1.5, வகுத்தல் 3.1. அந்தப் பக்கம் காற்று இருந்தால், சைன் மதிப்பு 1/1.5ஐத் தாண்டியதும் முழு அக எதிரொளிப்பு. இரண்டு பக்கமும் 1.5 அடிபட்டுப் போக, மிஞ்சுவது ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தூரம் 3.1க்கு மேல் போனால் கதிர் உள்ளே நுழையாது, கண்ணாடி போல அல்ல, ஆடி போல எதிரொளித்துவிடும். 3.1 முதல் 3.4 வரை, அதாவது ஓரத்தில் சரியாக 3 மி.மீ. அகலத்துக்கு, ஒரு வெள்ளிப்பட்டை. என் படத்தில் இருந்த அதே பட்டை.

அந்தப் பக்கம் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால் எல்லை மதிப்பு 1.333/1.5. நிபந்தனை இப்போது பக்கத்தூரம் 1.333 × 3.1, அதாவது சுமார் 4.13 செ.மீ.க்கு மேல் போக வேண்டும் என்றாகிறது. டம்ளரே 3.4 செ.மீ.தான்! ஆக ஒரு கதிருக்குக்கூட அங்கே முழு அக எதிரொளிப்பு நடக்காது, எல்லாமே தண்ணீருக்குள் போய்விடும், சுவர் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியென்றால் என் காட்சியில் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்று இருக்கிறது. வேறு வழியே இல்லை.

மெஷ்ஷை, அதாவது பொருளின் பரப்பாக இருக்கும் வலையை, குறுக்காக வெட்டிப் பார்த்தேன். இருந்தது. சுமார் 1.5 மி.மீ., திரவ சிமுலேஷனின் ஒரு வாக்ஸல் (இடத்தைப் பிரிக்கும் சின்னக் கனசதுரக் கட்டம்) அளவு. சால்வர், அதாவது தண்ணீரின் அசைவைக் கணக்கிடும் நிரல், தண்ணீரைத் தடுப்புச் சுவரோடு ஒட்டவிடாமல் ஒரு கட்டம் தள்ளியே நிறுத்தியிருக்கிறது. சாதாரணமாக யாரும் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள், தடுப்பு ஒரு பாறையாகவோ தரையாகவோ இருந்தால் அந்த இடைவெளி நிழலுக்குள் மறைந்துவிடும். கண்ணாடியில்தான் அது காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்று, இடைவெளியைச் சின்னதாக்கினால் பட்டை மெலிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. மேலே உள்ள நிபந்தனையில் இடைவெளியின் அகலம் எங்குமே வரவில்லை பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்று இருந்தாலும் ரெண்டரரைப் பொறுத்தவரை பட்டை அதே 3 மி.மீ. நிஜத்தில் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறிய இடைவெளியை ஒளி தாண்டிப் போய்விடும், ஆனால் ரே ட்ரேசருக்கு அலையெல்லாம் தெரியாது, அதற்கு எல்லாமே நேர்கோடு.

இரண்டு சோதனைகளும் ஏன் ஏமாற்றின என்பதும் இப்போது விளங்கியது. காற்றுப்படலம் ஒளியைத் தின்பதில்லை, திருப்பி அனுப்புகிறது, ஆகவே உலை சோதனைக்கு அது கண்ணில் படாது. அம்புக்குறி சோதனை நடுவில் போகும் கதிர்களைத்தான் பார்க்கிறது. கிட்டத்தட்ட இணையான மெல்லிய அடுக்கு ஒன்றைக் கதிர் தாண்டும்போது உள்ளே எப்படி வளைந்தாலும் வெளியே வரும் திசை மாறாது, 1.5இலிருந்து 1க்கு இறங்கி 1.333க்கு ஏறினாலும் நேராக 1.333க்கு இறங்கினாலும் விடை ஒன்றுதான். ஓரத்தில் மட்டுமே வித்தியாசம். நான் ஓரத்தைச் சோதிக்கவே இல்லை.

இடைவெளியை அடைத்த கதை

பிரச்சினை தெரிந்துவிட்டது, அடைத்துவிடலாம் என்றால் அதிலும் மூன்று பாதை.

தண்ணீர் மெஷ்ஷின் பரப்பையும் கண்ணாடியின் உள்பரப்பையும் சரியாக ஒரே இடத்தில் பொருத்துவது முதல் யோசனை. காகிதத்தில் இதுதான் சரி. கணினியில் மிதவைப்புள்ளி எண்களின் துல்லியம் அவ்வளவு தூரம் வராது, ஒரு பிக்ஸலில் கதிர் முதலில் கண்ணாடியைத் தொடும், பக்கத்துப் பிக்ஸலில் முதலில் தண்ணீரைத் தொடும், சுவர் முழுக்க உப்புத் தூவின மாதிரி புள்ளிகள். ஒரு ஃப்ரேம் பார்த்ததும் கைவிட்டேன்.

இரண்டாவது, தண்ணீரைக் கொஞ்சம் பெருக்கி கண்ணாடிச் சுவருக்குள் நுழைய விடுவது. அனுபவசாலிகள் பலர் சொல்லும் வழி இதுதான். கேட்டால் முட்டாள்தனமாகத் தோன்றும், ஏனென்றால் கதிர் முதலில் கண்ணாடிக்குள் நுழைகிறது, பிறகு கண்ணாடிக்கு உள்ளேயே இருந்துகொண்டு தண்ணீருக்குள் "நுழைகிறது", அப்புறம் கண்ணாடியை விட்டு வெளியேறுகிறது. ஷேடர் ஒவ்வொரு பரப்பிலும் அந்தப் பக்கம் காற்று என்றே நினைத்துக்கொண்டு நுழையும்போது வகுக்கிறது, வெளியேறும்போது பெருக்குகிறது. 1.5ஆல் வகு, 1.333ஆல் வகு, 1.5ஆல் பெருக்கு. கடைசியில் மிஞ்சுவது 1.333, சரியான விடை! வழியில் முழு அக எதிரொளிப்பும் வராததால் ஓரப் பட்டை போய்விடுகிறது. ஆனால் எதிரொளிப்பின் அளவு தப்பு. கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நேராக விழும் ஒளியில் உண்மையில் எதிரொளிப்பது 0.35 சதவீதம்தான். இங்கேயோ காற்று-தண்ணீர் பரப்பின் 2 சதவீதமும் காற்று-கண்ணாடி பரப்பின் 4 சதவீதமும் சேர்ந்து 6 சதவீதம் வருகிறது. விளக்கின் பிம்பம் சுவருக்குள் இரண்டு மூன்று முறை பேய் மாதிரி தெரியும். தூரக் காட்சிக்கு ஓடும். எனக்கு டம்ளர்தான் படம் முழுக்க.

மூன்றாவது, பரப்புக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பதை ரெண்டரருக்கு உண்மையாகச் சொல்வது. இதற்கு முறையான தீர்வை ஷ்மிட், பட்ஜ் என்ற இருவர் 2002இலேயே எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுங்கள், தண்ணீர் கண்ணாடிக்குள் நுழைந்து கிடக்கட்டும், கண்ணாடியின் முன்னுரிமை அதிகம் என்றால் அதற்குள் வரும் தண்ணீர்ப் பரப்பைக் கதிர் கண்டுகொள்ளாமல் போய்விடும், கண்ணாடியின் உள்பரப்புக்கு வந்ததும் "இந்தப் பக்கம் 1.5, அந்தப் பக்கம் 1.333" என்று சரியாக வளையும். அருமையான யோசனை. ஆர்னால்ட், ரெண்டர்மேன் போன்ற ரெண்டரர்களில் இந்த வசதி இருக்கிறது. நான் பயன்படுத்திய ரெண்டரரில் இல்லை. நடுவழியில் ரெண்டரரை மாற்றினால் இதுவரை அமைத்த ஷேடர், விளக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எனவே ஒரு தில்லுமுல்லு. கண்ணாடியின் உள்பரப்பில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தண்ணீர் மெஷ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அளந்து ஒரு முகமூடி எழுதினேன். நனைந்த இடம், காய்ந்த இடம் என்று இரண்டே நிலை. காய்ந்த இடத்தில் ஒளிவிலகல் எண் 1.5. நனைந்த இடத்தில் 1.5 ÷ 1.333, அதாவது 1.125. பிறகு தண்ணீர் மெஷ்ஷில் சுவரை ஒட்டியிருக்கும் முகங்களை மட்டும் வெட்டி எறிந்தேன், மேல்பரப்பு மட்டும் மிச்சம். இப்போது கதிர் தாண்ட வேண்டியவை 6 பரப்புகள் அல்ல, 4 தான்: காற்றிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து தண்ணீர், மறுபடி கண்ணாடி, மறுபடி காற்று. இது வேலை செய்ய தண்ணீர் மெஷ் சுவர்வரை வர வேண்டுமே, அதற்கு சிமுலேஷனில் நிஜ டம்ளரைத் தடுப்பாக வைக்காமல் உள் ஆரம் 2 மி.மீ. பெரிதாக்கிய ஒரு பொய் டம்ளரை வைத்தேன். தண்ணீர் அதன் சுவரிலிருந்து ஒரு வாக்ஸல் தள்ளி நின்றாலும் நிஜச் சுவருக்குள் அரை மில்லிமீட்டர் புகுந்துவிடும், அப்புறம் 3.1 செ.மீ. உருளையால் வெட்டிக்கொள்ளலாம்.

ரெண்டர் வந்தது. வெள்ளிப்பட்டை நீர்மட்டத்துக்கு மேலே மட்டும், கீழே தண்ணீர் வெளி விளிம்புவரை. ஷேடரில் ஒரு மதிப்பைக்கூட அழகுக்காக மாற்றவில்லை.

நீர்மட்டக் கோடு

அடுத்த உறுத்தல் அந்த வட்டத்தகடு. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் சுவரைத் தொடும் இடத்தில் மேல்நோக்கி ஏறி நிற்கும். எவ்வளவு ஏறும் என்பதைப் பரப்பு இழுவிசையும் புவியீர்ப்பும் தொடுகோணமும் தீர்மானிக்கின்றன, தண்ணீருக்கு 2 முதல் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம், முழுக்க நனையும் சுவரில் 3.8 மி.மீ. வரை போகும். பார்ப்பதற்கு அற்பம். ஆனால் அந்த வளைவுதான் நீர்மட்டத்தில் ஒரு கருங்கோட்டையும் அதையொட்டி ஒரு வெளிச்சக் கோட்டையும் உண்டாக்குகிறது, கண் "இது திரவம்" என்று ஒப்புக்கொள்வது அதைப் பார்த்துத்தான். 1.5 மி.மீ. வாக்ஸலில் 2 மி.மீ. வளைவு எப்படி வரும், வராது. கையால் போட்டேன்: சுவரிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப மேல்பரப்பை உயர்த்தும் ஒரு எளிய வளைவு, சுவரில் 2.5 மி.மீ., ஒரு சென்டிமீட்டர் உள்ளே வந்தால் பூஜ்யம். அலை ஓங்கி அடிக்கும் ஃப்ரேம்களில் அதைக் குறைத்து, அடங்க அடங்க ஏற்றினேன். கூடுதல் லாபம் ஒன்று கிடைத்தது, முகமூடியின் ஓரத்தில் தெரிந்த பல்பல்லான விளிம்பு இந்த வளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நிறம்

நீலச் சாயம் ஏன் கெடுத்தது என்று சொல்கிறேன் என்றேனே. ஷேடரின் நிறம் பரப்பில் பெருக்கப்படுகிறது. கதிர் எத்தனை பரப்பைத் தாண்டுகிறதோ அத்தனை முறை நீலம் ஏறும், எவ்வளவு தூரம் தண்ணீருக்குள் பயணித்தது என்பது கணக்கிலேயே வராது. மெல்லிய நீர்த்தாரையும் தடிமனான டம்ளர் நீரும் ஒரே நீலம். நிஜத்தில் பீர்-லாம்பர்ட் விதி, தூரம் கூடக்கூட ஒளி அடுக்குமுறையில் குறைகிறது. தூய தண்ணீர் சிவப்பைத்தான் அதிகம் தின்கிறது, 650 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு மீட்டருக்கு உட்கவர் எண் (ஒளியை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்ற அளவு) சுமார் 0.34. அதை வைத்துப் பார்த்தால் என் டம்ளரின் 6.2 செ.மீ. குறுக்களவில் தொலையும் சிவப்பு வெறும் 2 சதவீதம். 10 மீட்டர் ஆழமுள்ள நீரிலோ சிவப்பில் 3 சதவீதம்தான் மிஞ்சும். கடல் நீலம், டம்ளர் நிறமற்றது, இரண்டும் ஒரே எண்ணிலிருந்து வருகின்றன. ஆகவே நீலத்தை எடுத்துவிட்டு சுத்த வெள்ளை வைத்தேன், தண்ணீர் உடனே தெளிந்தது.

இதே காட்சிக்கு நிற மை கலந்த ஒரு வடிவமும் கேட்டார்கள். அதற்கு முகமூடித் தந்திரம் உதவவில்லை, ஏனென்றால் முகங்களை வெட்டிவிட்டதால் மெஷ் மூடியதாக இல்லை, எங்கே தண்ணீர் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று, கடந்த தூரத்தை வைத்து நிறம் ஏற்றும் வால்யூம் கணக்குக்குத் தெரியாது. அங்கே வேறு வழியின்றி இரண்டாவது முறைக்குத் திரும்பினேன், கால் மில்லிமீட்டர் மட்டும் சுவருக்குள் நுழைத்து மூடிய மெஷ்ஷாகவே விட்டேன், நிறம் இருந்ததால் பேய்ப் பிம்பங்கள் அவ்வளவாகத் தெரியவில்லை. உட்கவர் எண்ணைக் குத்துமதிப்பாக வைக்காமல் திருப்பிக் கணக்கிடுவது நல்லது: 6 செ.மீ. கடந்தால் சிவப்பு பாதியாக வேண்டும் என்றால் 0.693ஐ 0.06ஆல் வகுக்க, மீட்டருக்கு 11.55. அப்போது 3 செ.மீ.யில் 71 சதவீதம் மிஞ்சும், தெறிக்கும் 2 மி.மீ. துளியில் 98 சதவீதம், துளிகள் கிட்டத்தட்ட நிறமில்லாமல் பறக்கும், அதுதான் நிஜம். மெஷ்ஷை 10 மடங்கு பெரிதாக மாடல் செய்துவிட்டு இந்த எண்ணை மட்டும் அப்படியே வைத்தால் பாதி என்பது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், டம்ளர் முழுக்க கருப்பு. இதை நான் செய்தேனா என்று கேட்காதீர்கள்.

நிழல்

கருப்பு நிழலுக்குக் காரணம் எளிது. மேசையில் ஒரு புள்ளிக்கு வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க பாத் ட்ரேசர் விளக்கை நோக்கி ஒரு நேர்கோடு விடுகிறது, நடுவில் டம்ளர், அடைபட்டது, கருப்பு. ஒளி வளைந்து வந்து அங்கே சேரும் பாதை இருக்கிறதுதான், ஆனால் மேசையிலிருந்து குருட்டாம்போக்கில் கிளம்பும் கதிர் டம்ளருக்குள் புகுந்து நாலு முறை வளைந்து சின்ன விளக்கில் போய் முட்டினால்தான் அது கிடைக்கும். கோடியில் ஒன்று முட்டும், முட்டினால் அதன் மதிப்பு பிரமாண்டமாக இருக்கும், படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. இதைத்தான் ஃபயர்ஃப்ளை என்கிறோம். சாம்பிளை (ஒரு பிக்ஸலுக்கு விடும் கதிர்களின் எண்ணிக்கையை) ஏற்றலாமே என்றால், நாய்ஸ், அதாவது படத்தின் புள்ளி இரைச்சல், பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்கு வேண்டும், அந்தப் பேரத்தில் யாரும் ஜெயித்ததில்லை. மிகை மதிப்புகளை வெட்டும் கிளாம்ப் போட்டால் பொட்டுகள் போகும், கூடவே நிழலுக்குள் வர வேண்டிய வெளிச்சமும் போகும்.

மேசை ஒளியை மட்டும் தனி பாஸாக (பிறகு சேர்த்துக்கொள்ளும் தனிப் படமாக) ஃபோட்டான் மேப்பிங்கில் எடுத்தேன். 1990களின் நடுவில் ஹென்ரிக் வான் யென்சன் கொண்டுவந்த முறை, விளக்கிலிருந்து ஃபோட்டான்களைக் கிளப்பி அவை எங்கே விழுகின்றன என்று பதிந்துகொள்வது. இப்போது பழசாகிவிட்டது என்று ஒதுக்குகிறார்கள், இந்த மாதிரி வேலைக்கு இன்னும் கெட்டி. சரிபார்க்க அம்புக்குறி சோதனையின் அதே 7 செ.மீ. கணக்கு உதவியது: விளக்கைக் கிடைமட்டமாக வைத்து, டம்ளருக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நகர்த்தினால், வெளிச்சக் கோடு மிக மெலிதாகும் இடம் 7 செ.மீ.க்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது. ஓரத்துக் கதிர்கள் முன்னதாகவே குவிவதால் அப்படித்தான் இருக்க வேண்டும். நிழலுக்கு நடுவில் அந்த வெளிச்ச வரி வந்ததும் டம்ளர் முதல்முறையாக மேசை மேல் உட்கார்ந்தது.

மினுமினுப்பும் குமிழியும்

மினுமினுப்பு மெஷ் தயாரிப்பின் பிரச்சினை. சிமுலேஷனின் தண்ணீர்த் துகள்களிலிருந்து பரப்பு எடுக்கும்போது உருண்டை உருண்டையாகத் தடிப்புகள் மிஞ்சும், 2010இல் யூ, டர்க் இருவரும் சொன்ன நீள்வட்டத் துகள் முறை அதை நிறையவே குறைக்கிறது, ஆனாலும் முழுசாகப் போகாது. ஒளிபுகாத பொருளில் இது தெரியாது. தண்ணீரில் பரப்பு 1 பாகை சாய்ந்தால் ஊடுருவும் ஒளி மூன்றில் ஒரு பாகை விலகும், எதிரொளிக்கும் ஒளியோ 2 பாகை விலகும், ஆறு மடங்கு. அதனால் துடிப்பு முதலில் பளபளப்பில்தான் தெரியும். மெஷ்ஷை அடித்து மழுக்கினால் அலை செத்துப்போகும், மெல்லிய நீர்த்தகடுகளில் ஓட்டை விழும். நான் மெஷ்ஷைத் தொடாமல், அலை அடங்கிய 90ஆவது ஃப்ரேமுக்குப் பிறகு மட்டும் மேல்பரப்பின் உயரத்தை முன்பின் ஃப்ரேம்களோடு சராசரி எடுத்தேன். அதற்கு முன் வரும் ஆரவாரத்தில் துடிப்பு யாருக்கும் தெரியாது.

குமிழிகளுக்கும் அதே பழைய கேள்வி, எந்தப் பக்கம் என்ன இருக்கிறது. கோளம் ஒன்றைப் போட்டு தண்ணீர் ஷேடரையே மாட்டினால் அது காற்றுக் குமிழி ஆகாது, தண்ணீருக்குள் கண்ணாடிக் கோலி போல உருளும். உள்ளே காற்று, வெளியே தண்ணீர், எனவே எண் 1 ÷ 1.333, அதாவது 0.75. அதை வைத்ததும் குமிழியின் ஆரத்தில் முக்கால் பங்குக்கு வெளியே விழும் கதிர்கள் எல்லாம் முழு அக எதிரொளிப்பில் திரும்பிவிடும், வட்டத்தின் பரப்பில் 44 சதவீதம் வெள்ளியாக மின்னும். தண்ணீருக்குள் குமிழி ஏன் பாதரசத் துளி மாதிரி தெரிகிறது என்பதற்கு இதுதான் பதில். முதலில் என்னைப் படுத்திய அதே முழு அக எதிரொளிப்பு இங்கே வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

நாய்ஸை நீக்கும் டீநாய்ஸரால் ஒரு சின்ன வில்லங்கம். அது படத்தோடு நார்மல் (பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது), நிறம் ஆகிய உதவிப் படங்களையும் கேட்கிறது, கண்ணாடியின் முதல் பரப்பை மட்டும் எழுதிக் கொடுத்தால் பின்னால் வளைந்து தெரியும் மேசையின் கோடுகளை நாய்ஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறது. கதிர் ஊடுருவிப் போய் முதலில் தொடும் ஒளிபுகாப் பரப்பின் நிறத்தை எழுதியதும் கோடுகள் தப்பின.

144 ஃப்ரேமும் முடிந்துவிட்டதா என்றால், முக்கால்வாசி. தண்ணீர் விழுந்து தெறிக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும் சின்னத் துளிகள் வாக்ஸலை விடச் சிறியவை, முகமூடியில் பதிவதில்லை. பதியாததால் அவற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்தப் பழைய காற்றுப்படலம் இன்னும் இருக்கிறது, ஒவ்வொரு துளியும் சுவரில் ஒட்டாமல் முன்னால் மிதக்கிற மாதிரி தெரிகிறது. 31ஆவது ஃப்ரேமிலிருந்து 40 வரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பிடிபடும். ஓட்டிப் பார்ப்பவர்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.